பில் எண்ணைத் தானாக ஓட விடுவது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரி சிறு வணிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

பில் புத்தகத்தை விட்டுவிட்டுக் கணினிக்கு மாறும் கடைக்காரருக்கும், அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவருக்கும், உள்ளூரிலேயே பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் இளைஞருக்கும் இந்தக் கட்டுரை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் வாங்கி விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கை நான் பார்க்கிறேன். சீசன் நேரத்தில் பில் எண்கள் இடையில் விடுபடுவதும், ஒரே எண் இரண்டு லோடுக்கு விழுவதும், மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போது பதில் இல்லாமல் நிற்பதும் எவ்வளவு அலைச்சல் என்பதை அனுபவித்தவன் என்ற முறையில், தெளிவாகப் புரிந்துகொண்ட வழியை அப்படியே எழுதுகிறேன். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவருக்கும், ஓசூரில் உதிரிப் பாகம் செய்பவருக்கும் முறை ஒன்றேதான், பொருள்தான் வேறு.

1. ஆட்டோ இன்கிரிமென்ட் என்ன செய்யும், என்ன செய்யாது

மென்பொருள்காரர்கள் "ஆட்டோ இன்கிரிமென்ட் போட்டுவிட்டேன், எண் தானாக வரும்" என்று சொல்வார்கள். ஒவ்வொரு புதிய பதிவுக்கும் முந்தைய எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடுத்த எண்ணைக் கணினியே வழங்குவதற்குத்தான் அந்தப் பெயர். இந்த வழக்கம் இன்றைய தரவுத்தளங்களுக்கு (பதிவுகளைச் சேமித்து வைக்கும் மென்பொருள்களுக்கு) முந்தையது. 1960-களில் வந்த பிடிபி-7 கணினியின் நினைவகத்தில் 8 முதல் 15 வரையிலான இடங்களுக்குத் தனிக் குணம் இருந்தது. அவற்றின் வழியாக மறைமுகமாக வேறு இடத்தைத் தொடும்போதெல்லாம், அவற்றில் இருந்த மதிப்பு தானே ஒன்று கூடிவிடும். கென் தாம்சன் தம்முடைய பி என்ற நிரல் மொழியில், ஒன்றைக் கூட்டும் இரட்டைக் கூட்டல் குறியைச் (++) சேர்த்ததற்கு அந்த வசதியே தூண்டுதலாக இருந்திருக்கக்கூடும் என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார். அந்தக் குறி பி-யிலிருந்து சி மொழிக்கு வந்தது. இன்று மை எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஆட்டோ இன்கிரிமென்ட் என்றும், எஸ்கியூஎல் சர்வரில் ஐடென்டிட்டி என்றும், போஸ்ட்கிரஸில் சீரியல் என்றும், ஆக்ஸஸில் ஆட்டோ நம்பர் என்றும் கிடைப்பவை எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இவை பொதுவாக உங்களுக்குத் தரும் உறுதி, ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொரு பதிவுக்குக் கொடுக்கமாட்டோம் என்பதுதான். எண்கள் இடைவெளி இல்லாமல் வரும் என்ற உறுதியை இவற்றில் எதுவும் தருவதில்லை. பில்லைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், மை எஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரஸிலும் அந்தப் பதிவு நீங்கிவிடும். எடுத்த எண் மட்டும் திரும்பி வராமல் போகலாம். எஸ்கியூஎல் சர்வர் எதிர்பாராமல் நின்று மறுபடி எழுந்தால் எண் ஒரேயடியாக ஆயிரம் தாவிவிடுவதும் உண்டு. அது பழுதன்று, வேகத்துக்காக எண்களை மொத்தமாக முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்வதன் விளைவு. கணினியின் உள்வேலைக்கு இந்த இடைவெளிகளால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் ஜிஎஸ்டி விதி 46, பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கணினி தரும் தானியங்கி எண்ணையே பில் எண்ணாக அச்சிடக் கூடாது. இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் எளிதாகிவிடும்.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஜிஎஸ்டி பதிவுச் சான்று, கடைசியாகப் பயன்படுத்திய பில் புத்தகம், கடைசியாகத் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்), அந்த ஆண்டில் கொடுத்த கிரெடிட் நோட்டுகள் (கொடுத்த பில்லின் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டுகள்), டெலிவரி சலான் புத்தகம் ஆகியவற்றை மேசையில் வையுங்கள். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையை முதலில் பாருங்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் கொடுத்தீர்கள், மொத்தம் எத்தனை, அதில் கேன்சல் ஆனவை எத்தனை, மீதி எத்தனை என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்படுகிறது. 2025 மே மாத வரிக்காலம் முதல் இந்த அட்டவணையை நிரப்புவது கட்டாயமாகிவிட்டதால், முன்பு போல் அதை வெறுமையாக விட்டுக் கடந்துபோக முடியாது. பில் புத்தகத்தில் கடைசியாகக் கிழித்த எண்ணும் இந்த அட்டவணையில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, பொருந்தாவிட்டால் கணினிக்கு மாறும் முன்பே ஆடிட்டரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய குழப்பத்தைப் புதிய முறைக்குள் கொண்டுவந்தால் பிறகு பிரித்தெடுப்பது மிகவும் கடினம்.

3. எண்ணின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

விதிப்படி பில் எண் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு, சாய்கோடு ஆகியவற்றை மட்டும் பயன்படுத்தலாம். புள்ளியும் இடைவெளியும் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரே நிதியாண்டுக்குள் ஒரு எண் ஒருமுறைதான் வர வேண்டும்.

ஊர்ப் பெயருக்கு மூன்று எழுத்து, ஒரு சாய்கோடு, நிதியாண்டுக்கு 26-27, மறுபடி ஒரு சாய்கோடு, பிறகு ஐந்து இலக்க எண் என்று வைத்தால் மொத்தம் 15 வருகிறது. நான் எல்லோருக்கும் இதைத்தான் பரிந்துரைக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஆண்டை 2026-2027 என்று முழுமையாக எழுதினால் 19 ஆகிவிடும். அச்சில் தெரியாத இந்தத் தவறு, ரிட்டர்னைப் பதிவேற்றும்போதுதான் வெளியே வரும்.

ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் இணையதளத்தில் பதிவு செய்யும் முறை) கட்டாயம். அவர்களுடைய பில் எண் பூஜ்யத்திலோ சாய்கோட்டிலோ சிறுகோட்டிலோ தொடங்கினால் தளம் ஏற்றுக்கொள்ளாது. இன்று அந்த வரம்புக்குக் கீழே இருப்பவரும் முதல் எழுத்தை ஆங்கில எழுத்தாகவே, அதுவும் பெரிய எழுத்தாகவே வைத்துக்கொள்வது பின்னாளில் உதவும்.

புதுப்பழத்துக்கு வரி இல்லை, கூழுக்கு வரி உண்டு. இரண்டையும் விற்பவர், பழத்துக்கு பில் ஆஃப் சப்ளை என்ற வரியில்லாப் பில்லும் கூழுக்கு வரி பில்லும் கொடுக்க வேண்டியிருப்பதால், இரண்டுக்கும் தனித்தனி வரிசை வைத்துக்கொள்ளுங்கள். பில் ஆஃப் சப்ளைக்கும் அதே 16 எழுத்து வரம்புதான். கிரெடிட் நோட்டுக்கு மூன்றாவது வரிசை வேண்டும்.

4. எந்தக் கருவியில் செய்யப் போகிறீர்கள்

எக்செல் போன்ற விரிதாளில் செய்பவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள், ஆகவே அதை முதலில் சொல்கிறேன். மேல் கட்டத்தோடு ஒன்றைக் கூட்டும் சூத்திரத்தையோ, வரிசையின் இடத்தையே எண்ணாகக் காட்டும் சூத்திரத்தையோ பில் எண்ணுக்கு வைக்காதீர்கள். இடையில் ஒரு வரியை நீக்கினாலும், வாங்குபவர் பெயர்ப்படி அடுக்கினாலும், ஏற்கெனவே லாரியோடு போய்விட்ட பில்களின் எண்கள் தாளில் மாறிவிடும் அல்லது பிழைக் குறி காட்டும். பில் அச்சானதும் அந்த எண்ணைச் சூத்திரம் இல்லாத வெறும் மதிப்பாக மாற்றிப் பூட்டிவிட வேண்டும்.

விரிதாளில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆண்டைக் கடைசியில் வைத்து 001/26-27 என்று எழுதிக் கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால், கடைசியில் உள்ள எண்தான் கூடும். அடுத்த பில் 001/26-28 என்றும், அதற்கடுத்தது 001/26-29 என்றும் போகும். வரிசை எண்ணைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டத்தை எழுத்து வடிவமாக மாற்றாமல் 00001 என்று தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நாளைக்குப் பத்துப் பில்லுக்கு மேல் போகும் கடைக்கு விரிதாள் ஏற்றதன்று என்பது என் உறுதியான கருத்து.

டேலி வைத்திருப்பவர்கள் விற்பனை வவுச்சர் வகையைத் திறந்து, எண் வழங்கும் முறை எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். தானியங்கி முறையில், இடையில் ஒரு வவுச்சரை நுழைத்தாலோ நீக்கினாலோ மற்றவற்றின் எண்ணை மாற்றுவதா, பழைய எண்ணையே வைத்திருப்பதா என்று தேர்வு செய்யும் வசதி டேலி பிரைமின் புதிய பதிப்புகளில் இருக்கிறது. பழைய எண்ணை வைத்திருப்பதையே தேர்ந்தெடுங்கள். மாற்றும் முறை இயங்கிக்கொண்டிருந்தால், விடுபட்ட ஒரு பில்லை முந்தைய தேதியிட்டு நுழைத்த அந்த நொடியில், அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பில்லும் ஒவ்வொன்று தள்ளிப்போகும். வாங்கியவர் கையில் உள்ள தாளில் ஒரு எண்ணும் உங்கள் கணக்கில் வேறொரு எண்ணும் இருக்கும். முன்னொட்டு, பூஜ்யம் நிரப்பும் அகலம், ஏப்ரல் 1 முதல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குதல் ஆகியவற்றையும் அதே திரையில் அமைத்துவிடலாம்.

5. சொந்தமாக மென்பொருள் எழுதுபவர்கள் செய்ய வேண்டியது

பில் அட்டவணையில் இரண்டு எண்கள் இருக்கட்டும். முதலாவது கணினியின் தானியங்கி எண். அது உள்ளே பதிவுகளை இணைக்க மட்டும் பயன்படும், அச்சில் ஒருபோதும் வராது. இரண்டாவது பில் எண்; பில் முடியும் வரை அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

இதற்குத் தனியாக ஒரு சிறிய அட்டவணையை உருவாக்குங்கள். அதில் வரிசையின் பெயர், நிதியாண்டு, கடைசியாகக் கொடுத்த எண் என்ற மூன்று விவரங்கள் போதும். பணியாளர் பொருள், எடை, விலை எல்லாவற்றையும் தட்டி முடித்து "பில் முடி" என்ற பொத்தானை அழுத்தும்போதுதான் எண் பிறக்க வேண்டும். அப்போது ஒரே பரிவர்த்தனைக்குள் நான்கு வேலைகள் நடக்க வேண்டும்: அந்தச் சிறு அட்டவணையின் உரிய வரியைப் பூட்டுதல், எண்ணில் ஒன்றைக் கூட்டுதல், கூட்டிய எண்ணைப் பில்லில் எழுதுதல், பில் முடிந்தது என்று குறித்தல். நான்கும் சேர்ந்து முடியும், அல்லது நான்கும் சேர்ந்து பின்வாங்கும். இடையில் மின்சாரம் போனால் கூட்டிய எண்ணும் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதால் இடைவெளி விழாது. அச்சிடுவது இதற்குப் பிறகுதான். அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் அதே பில்லை அதே எண்ணில் மறுபடி அச்சிடலாமே தவிர, புதிய எண் எடுக்கக் கூடாது.

பலர் குறுக்கு வழியாக, இருக்கும் எண்களில் பெரியதைத் தேடி அதோடு ஒன்றைக் கூட்டுகிறார்கள். ஒரே ஆள் பில் போடும் கடையில் இது பிழையின்றி ஓடுவது போலத் தோன்றும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டு கணினிகளும் ஒரே பெரிய எண்ணைப் பார்த்து, ஒரே அடுத்த எண்ணைக் கொடுத்துவிடும். எந்த முறையைக் கையாண்டாலும் வரிசை, ஆண்டு, எண் மூன்றும் சேர்ந்து திரும்ப வரக் கூடாது என்ற தடையைத் தரவுத்தளத்திலேயே போட்டுவிடுங்கள். நிரலில் தவறு நேர்ந்தாலும் இரட்டை எண் வெளியே போகாமல் அது தடுத்துவிடும்.

எஸ்கியூலைட் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டோ இன்கிரிமென்ட் என்று தனியாகக் குறிப்பிடாமல் விட்டால், கடைசிப் பதிவை அழித்ததும் அதன் எண் அடுத்த பதிவுக்குப் போய்விடும். மை எஸ்கியூஎல்லிலும் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில், கடைசிப் பதிவை அழித்துவிட்டு சர்வரை நிறுத்தித் தொடங்கினால் இதே நிலை ஏற்படும். உள் எண்தானே என்று அலட்சியமாக இருந்தால், அழித்த பில்லின் பண வரவு வேறொரு பில்லில் ஒட்டிக்கொள்ளும். பில்லை அழிக்கும் வசதியையே வைக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட நல்லது.

6. இரண்டு இடத்தில் பில் போடுபவர்கள்

கடைத்தெருவில் ஒரு அலுவலகமும் கிடங்கில் ஒரு கணினியும் இருந்து, இரண்டுக்கும் இடையே இணைய இணைப்பு நம்பும்படி இல்லையென்றால், ஒரே வரிசையை இருவரும் பகிர முயலாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை விதியே அனுமதிக்கிறது. முன்னொட்டில் ஒரு எழுத்தை மாற்றி இரண்டு வரிசை வைத்துக்கொண்டு, 13-ஆம் அட்டவணையில் இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டினால் போதும்.

7. கேன்சல் ஆன பில்

லோடு ஏறிய பிறகு வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லலாம். 215 கிலோ பீப்பாய் எண்பது என்று தட்டியது எழுபத்தெட்டாக இருக்கலாம். பில் எண் விழுந்துவிட்டால் அதை அழிக்காமல் கேன்சல் என்று குறித்து, காரணத்தையும் தேதியையும் எழுதி, எல்லாப் பிரதிகளையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். சரக்கு விற்பனைக்கு மூன்று பிரதிகள் உண்டு: வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மூன்றும் திரும்பக் கையில் இருந்தால்தான் அது கேன்சல் என்று நான் எடுத்துக்கொள்வேன். சரக்கு போய்ச் சேர்ந்து ரிட்டர்னிலும் காட்டியாகிவிட்டது என்றால் கேன்சல் செய்ய இயலாது, கிரெடிட் நோட்டுதான் வழி. நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன்பே தாக்கலாகியிருந்தால் அந்தத் தேதிக்குள், அதை ரிட்டர்னில் காட்ட வேண்டும். இ-இன்வாய்ஸ் எடுத்திருந்தால் தளத்தில் கேன்சல் செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். கேன்சல் ஆன எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

ஓசூர் தாண்டிப் பெங்களூருக்கு லோடு அனுப்புபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் அந்த வரம்பு ஒரு லட்சம். இ-வே பில்லில் உள்ள பில் எண்ணும் ஓட்டுநர் கையில் உள்ள தாளின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் மாறியிருந்தால் சிறு பிழையாகக் கருதி, மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 என்று அபராதம் விதிக்கலாம் என 2018 செப்டம்பர் 14-ஆம் தேதிச் சுற்றறிக்கை சொல்கிறது. பில்லே வேறு என்று ஆகிவிட்டால் அந்தச் சலுகை கிடைக்காது. லாரி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்தான்.

8. புழக்கத்துக்கு விடும் முன் சோதியுங்கள்

ஒரு போலி வரிசையில் சில பில்கள் போட்டு, பில்லின் நடுவே கணினியின் மின் இணைப்பைப் பிடுங்கிப் பாருங்கள். மறுபடி எழுந்தபின் வரும் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் "பில் முடி" அழுத்திப் பாருங்கள். முடிந்த பில்லை மாற்ற முயன்று, கணினி மறுக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கணினியின் தேதியை மார்ச் 31 என்று வைத்து ஒரு பில்லும், ஏப்ரல் 1 என்று வைத்து ஒரு பில்லும் போடுங்கள். புதிய ஆண்டின் முன்னொட்டோடு எண் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஜனவரியிலேயே ஆண்டு மாறிவிடும் தவறு, நிதியாண்டை யோசிக்காமல் எழுதிய நிரல்களில் அடிக்கடி காணப்படுகிறது. அதையும் ஒரு ஜனவரித் தேதியில் சோதித்துவிடுங்கள். பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும், எண்ணும் பழைய ஆண்டின் வரிசைக்குள் விழும். முந்தைய பில்லின் தேதிக்கு முற்பட்ட தேதியில் பில் முடிக்க விடாமல் ஒரு தடை வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

9. செலவும் காலமும்

லிப்ரே ஆபிஸ், எஸ்கியூலைட், போஸ்ட்கிரஸ், மை எஸ்கியூஎல் சமூகப் பதிப்பு ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. மென்பொருள் எழுதுபவருக்குக் கூலி பேசும்போது, மேலே உள்ள சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகே கடைசித் தவணை என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிக்கனம் பார்க்கக் கூடாத இரண்டு இடங்கள் யுபிஎஸ்ஸும் அன்றாடப் பிரதி எடுக்கும் பென் டிரைவும்தான்.

ஏப்ரல் 1 அன்று மாறுவதுதான் சிறந்தது. புதிய ஆண்டும் புதிய வரிசையும் ஒன்றாகத் தொடங்கும். அதற்கு மார்ச் முதல் வாரத்திலேயே வடிவத்தை முடிவு செய்து, மாதக் கடைசிக்குள் சோதனையை முடிக்க வேண்டும். மாங்காய்த் தொழிலில் இருப்பவர்கள் மே, ஜூன், ஜூலையில் மாற்றத்தைத் தொடவே தொடாதீர்கள். ஆண்டின் நடுவில் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய புத்தகத்தில் மீதியிருக்கும் தாள்களைக் குறுக்கே அடித்து மூடிவிட்டு, மாதத்தின் முதல் தேதியில் வேறு முன்னொட்டோடு தொடங்குங்கள்.

10. மாதந்தோறும் ஒரு வேலை

மாதம் முடிந்ததும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி வரை அவகாசம் இருக்கிறது. காலாண்டு முறையில் இருப்பவர்களுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13 வரை. 5-ஆம் தேதிக்குள் முதல் எண், கடைசி எண், மொத்தம், கேன்சல் ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் வருவதும், கேன்சல் ஆனவையும் சேர்த்துக் கணினியில் உள்ள பில்களின் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால் எந்த எண் இல்லை என்று அன்றே தேடுங்கள்; அந்த நேரத்தில் ஓட்டுநருக்கும் எடை மேடைக்காரருக்கும் லோடு நினைவில் இருக்கும்.

பில்லைத் தெர்மல் தாளில் அச்சிடுபவர்கள் உங்கள் பிரதியைச் சாதாரணத் தாளிலோ பிடிஎஃப் கோப்பாகவோ தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் தெர்மல் எழுத்து வெகு சீக்கிரம் மங்கிவிடும். ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். 2026-27 நிதியாண்டின் பில்களை, அதன் ஆண்டு ரிட்டர்னுக்குரிய 2027 டிசம்பர் 31-லிருந்து கணக்கிட்டு, 2033 டிசம்பர் 31 வரை எடுத்துக் காட்டும் நிலையில் வைத்திருங்கள்.